பின் டயரைப் பார்த்தோம், முன் டயரை விட்டோம்: ஒரு ஸ்கூட்டரின் டயர் மாற்றம்

பின்னணி

வண்டி 2015-ல் வாங்கிய 110 சிசி ஸ்கூட்டர். கியர் கிடையாது. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், இரண்டிலும் 10 அங்குல ரிம், இரண்டிலும் ஒரே அளவு டியூப்லெஸ் டயர். ஓட்டுபவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவார், சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஒரு நாளைக்கு 11 அல்லது 12 கி.மீ., அவ்வளவுதான். 2024-ல் இந்தச் சம்பவம் நடந்தபோது மீட்டரில் 31,000 கி.மீ. சொச்சம் ஓடியிருந்தது.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியைப் பல வருடமாக நானே கழற்றி மாட்டிப் பழகியவன், அதனால் அக்கம்பக்கத்தில் யார் வண்டியில் சத்தம் வந்தாலும் என்னிடம் காட்டுவார்கள். இந்த வண்டி விஷயத்தில் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல் நான் சொன்னவை. அதில் ஒன்று தப்பு. அந்தத் தப்பில் இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். நடந்ததை மறைக்காமல், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டவை

எல்லாம் பஞ்சரில் ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் இரண்டு முறை பின் டயரில் காற்று இறங்கியது. இரண்டாவது தடவை பஞ்சர் போட்டவர், "அக்கா, டயர் மொட்டையாயிடுச்சு. இனிமே ஒட்டி ஒட்டி ஓட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று மாலை என்னைப் பார்க்கச் சொன்னார் அக்கா.

சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பஞ்சர்காரர் சொன்னது சரிதான். டயரின் பக்கவாட்டில் ஓரமாக டி.டபிள்யூ.ஐ. என்று மூன்று எழுத்து இருக்கும், சில டயரில் அதற்குப் பதிலாகச் சின்ன முக்கோணம் இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு குட்டி ரப்பர் மேடு தெரியும். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. இந்த டயரில் நடுப்பகுதி முழுக்க மேட்டுக்குச் சமம், ஓரங்களில் மட்டும் பள்ளம் மிச்சம். உள்ளங்கையைக் குறுக்கே வைத்துத் தடவினால் டயர் உருண்டையாக இல்லை, நடுவில் பலகை மாதிரி தட்டை. அப்படித் தட்டையான டயர் திருப்பத்தில் சாயும்போது ஒரு விளிம்பைத் தாண்டிச் சாயும். "கொஞ்ச நாளா வளைவுல வண்டி படக்குனு சாயுது தம்பி" என்று அக்கா சொன்னதற்கு அதுதான் காரணம்.

நடுவில் மட்டும் தேய்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நேர் சாலையிலேயே ஓடிய வண்டியாக இருக்க வேண்டும், அல்லது காற்று தேவைக்கு மேல் இருந்திருக்க வேண்டும். நான் முதல் காரணத்தை எடுத்துக்கொண்டேன், இரண்டாவதை யோசிக்கவே இல்லை. கையில் அளவுமானி இருந்தும் அன்று காற்றை அளக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

தயாரித்த தேதியையும் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீளமான எழுத்து வரிசையின் கடைசியில் 4 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். பின் டயரில் 2419. அதாவது 2019-ம் வருடத்தின் 24-வது வாரம். வண்டியோடு வந்த பின் டயர் தேய்ந்த பிறகு போட்ட இரண்டாவது டயர் அது.

அப்புறம் முன் பக்கம் வந்தேன். பள்ளம் நன்றாக ஆழமாக இருந்தது. ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்ததில் 3 மி.மீ.க்கு மேலேயே இருந்தது. "முன்னாடி டயர் இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும் அக்கா" என்று சொன்னேன். அதன் தேதியைப் பார்க்கவில்லை. அந்த 4 இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். முன் டயரில் அது வலது பக்கம் இருந்தது, நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். எழுந்து சுற்றிப் போகவில்லை. காரணம் அவ்வளவுதான்.

முதல் முடிவு: பின் டயர் மட்டும்

பழைய டயரின் மேல் இருந்த அளவு 90/100-10, அதையடுத்து 53 ஜே. இதை வாசிக்கத் தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது. 90 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 100 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு பக்கச்சுவரின் உயரம் என்பது. இங்கே அகலமும் உயரமும் ஒன்று, 90 மி.மீ. கடைசி 10 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 53 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 206 கிலோ வரை தாங்கும் என்று பொருள். ஜே என்ற எழுத்து வேகம், மணிக்கு 100 கி.மீ. வரை.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 100/90-10. "ஒரு சைஸ் அகலமா போட்டுக்கங்க, கிரிப் சூப்பரா இருக்கும்" என்றார். இதை அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. நிறைய பேர் அப்படித்தான் போடுகிறார்கள். கணக்கும் ஒரு வகையில் அதற்குச் சாதகம். 100 மி.மீ. அகலத்தில் நூற்றுக்கு 90 என்றால் பக்கச்சுவர் அதே 90 மி.மீ. ஆக, இரண்டு டயருக்கும் வெளிவிட்டம் 434 மி.மீ.தான். சுமைக் குறியீடு 56, அதாவது 224 கிலோ, கம்பெனி டயரை விட அதிகம்.

நாங்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம் இடம். இந்த மாதிரி ஸ்கூட்டரில் பின் சக்கரத்துக்கு இடது பக்கம் பெல்ட் பெட்டி ஒட்டினாற்போல் இருக்கும், வலது பக்கம் சைலன்சர். கடை வாசலிலேயே அளந்தேன். பெல்ட் பெட்டிக்கும் டயருக்கும் நடுவே இருந்தது 8 மி.மீ. அகலம் 10 மி.மீ. கூடினால் பக்கத்துக்கு 5 போய்விடும், மிச்சம் 3. அந்த இடுக்கில் ஒரு பொடிக்கல்லோ காய்ந்த சேறோ மாட்டினால் டயரின் பக்கச்சுவரை அறுக்கும். பக்கச்சுவரில் விழுந்த காயத்துக்கு ஒட்டுப் போட முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொன்று, குறுகலான ரிம்மில் அகல டயரை மாட்டினால் ரிம் இரண்டு பக்கமும் அதை இறுக்கிப் பிடிக்கும், நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். தரையில் படும் இடம் நினைத்த அளவுக்கு அகலமாகாது. காசு கொடுத்து வாங்கிய அகலம் தரைக்கு வந்தே சேராது.

சரி, அதே 90/100-10-ல் இரண்டு டயர் இருந்தது. ஒன்று கெட்டி ரப்பர், பள்ளம் குறைவு, "நிறைய கிலோமீட்டர் வரும்" என்று கடைக்காரர் சிபாரிசு செய்தது. மற்றது கொஞ்சம் மிருதுவான ரப்பர், நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக ஓடும் நிறைய பள்ளங்கள். அக்கா முதலில் கையை வைத்தது கெட்டி டயர் மேல்தான். சீக்கிரம் தேயாத பொருளை வாங்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இங்கே நான் போட்ட கணக்கு சரியானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வருடத்துக்கு 3,500 கி.மீ. ஓடும் வண்டி இது. போன பின் டயர் ஏறக்குறைய 16,000 கி.மீ. ஓட 5 வருடம் எடுத்தது. 25,000 கி.மீ. வரும் டயரைப் போட்டால் அது தேய்ந்து முடிய 7 வருடம் ஆகும். அதற்குள் ரப்பர் வயதாகி இறுகிவிடும். குறைவாக ஓடும் வண்டிக்கு டயர் தேய்மானத்தில் சாவதை விட வயதில் சாவதுதான் அதிகம். அப்படியிருக்க, அதிக கி.மீ.க்காகக் கெட்டி ரப்பரை வாங்குவது அனுபவிக்க முடியாத ஆயுளுக்குப் பிடிப்பை விற்பது. மிருதுவான டயரே போதும் என்று முடிவானது. தேதி பார்த்தோம், 0524. புதுசு.

இந்தக் கணக்கைப் பின் டயருக்குப் போட்டவன், இரண்டு அடி தள்ளியிருந்த முன் டயருக்குப் போடவில்லை. முன் சக்கரத்தில் பாரமும் குறைவு, எஞ்சினின் தள்ளும் வேலையும் இல்லை. அதனால் அது மெதுவாகத்தான் தேயும். மெதுவாகத் தேய்வதாலேயே அது பழசாகிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

டயர் மாற்றினார்கள். பையன் காற்றுக் குழாயை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அடித்தான், அப்படியே முன் சக்கரத்துக்கும் அடித்துவிட்டான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

விழுந்த நாள்

அதிலிருந்து 9-வது நாள். பல வாரம் காய்ந்து கிடந்த பிறகு பெய்த முதல் மழை. பெரிய மழை இல்லை, சாலை நனைகிற அளவுக்குத் தூறல். இந்தத் தூறல்தான் கனமழையை விட மோசம். சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் கழுவிப் போகாமல் தண்ணீரோடு கலந்து பசை மாதிரி நிற்கும்.

மாலை, மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளுக்கு முன் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தார் அக்கா. வேகம் 20-க்குள் இருக்கும் என்கிறார். முன் பிரேக்கை லேசாகத்தான் பிடித்தாராம். முன் சக்கரம் இரண்டாவது கோட்டில் ஏறியதும் ஹேண்டில் பார் உள்பக்கம் மடங்கியது, அவ்வளவுதான், இரண்டு பேரும் இடது பக்கம் தரையில் கிடந்தார்கள். அக்காவுக்கு மணிக்கட்டு பிசகியது, மகளுக்கு முழங்கால் சிராய்த்தது. இடது கண்ணாடி உடைந்தது. பின்னால் வந்த வண்டி நின்றுவிட்டது. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அன்றிரவு அக்கா சொன்ன ஒரு வார்த்தையை மறக்க முடியவில்லை. "புது டயர் போட்டாச்சுன்னு நம்பிக்கையாத்தான் போனேன் தம்பி."

மறுநாள் காலை சோதித்தது

வண்டி இரவெல்லாம் நின்றிருந்தது, டயர் குளிர்ந்திருந்தது. காற்றை அளக்க அதுதான் சரியான நேரம். ஓடி முடித்த சூட்டில் அளந்தால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். வண்டியில் ஒட்டியிருந்த தாளில் முன் சக்கரத்துக்கு 22, பின் சக்கரத்துக்கு ஒருவர் போனால் 29, இருவர் போனால் 36 என்று இருந்தது. பின் சக்கரத்தில் அளந்தேன், 35. சரி. முன் சக்கரத்தில் வைத்தேன். முள் 33-ல் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், அதே 33.

அக்காவிடம் கேட்டேன், எப்போதும் எவ்வளவு அடிப்பீர்கள் என்று. "அவங்களே அடிச்சிருவாங்க. ரெண்டுக்கும் 35ன்னு சொல்லுவாங்க" என்றார். ஒன்பது வருடமாக அப்படித்தான். காற்று அளவுக்கு மேல் இருந்தால் டயர் பலூன் மாதிரி விறைத்து நிற்கும், தரையில் படும் பரப்பு கணிசமாகச் சுருங்கும். பின் டயரின் நடுவில் மட்டும் தேய்ந்திருந்ததை முதல் நாளே பார்த்தேனே, அப்போதே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். மகளை இறக்கிவிட்ட பிறகு அக்கா தனியாகப் போகும் தூரமெல்லாம் பின் டயரிலும் காற்று அதிகம்தான்.

அடுத்து, முன் சக்கரத்தின் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். 1215. 2015-ம் வருடம் 12-வது வாரம். வண்டியோடு வந்த டயர், 9 வயது.

கிட்டே வைத்துப் பார்த்தபோதுதான் முந்தைய தடவை எவ்வளவு மேலோட்டமாகப் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. பள்ளங்களின் அடியில், ரப்பர் கட்டைகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகளில், தலைமுடி கனத்துக்கு விரிசல். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி வட்டமாக விரிசல்கள், கட்டை விரலால் ரப்பரை மடக்கினால் வாய் திறந்தன. நிறமே கறுப்பாக இல்லை, சாம்பல் பூத்திருந்தது. புதுப் பின் டயரில் நகத்தால் அழுத்தினேன், நகம் பதிந்து மெதுவாக மறைந்தது. முன் டயரில் அதே நகத்தை அழுத்தினேன். பதியவே இல்லை, பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போல இருந்தது. இந்த நகச் சோதனையை வைத்து மட்டும் யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் புதுசு ஒன்று இருக்கும்போது வித்தியாசம் மறைக்க முடியாதது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், டயர் ரப்பருக்குள் மெழுகும் பாதுகாப்பு ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். சக்கரம் ஓடி ரப்பர் நெளிய நெளிய அவை மேற்பரப்புக்கு வந்து, காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரை அரிக்காமல் காக்கும். வெயிலும் சூடும் நேரமும் சேரும்போது அந்தக் காப்பு தீர்ந்துபோகும், ரப்பரும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகிக்கொண்டே போகும். அக்கா வண்டி நிற்கும் இடத்தையும் பார்த்தேன். மேலே தகரக் கூரை உண்டு, ஆனால் பாதி வண்டிக்குத்தான். பின்பாதி நிழலில் நிற்கும். முன் சக்கரத்தின் மேல் மத்தியான வெயில் முழுசாக விழும். லீவு நாளெல்லாம் வண்டி அங்கேயேதான்.

பல டயர் நிறுவனங்கள் சொல்வது, 5 வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், 10 வருடம் ஆகிவிட்டால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பது. இந்த டயருக்கு 10 ஆகவில்லை. ஆனால் 10 என்பது தாண்டவே கூடாத கோடு, அதுவரை நிச்சயம் தாங்கும் என்ற வாக்குறுதி இல்லை.

விழுந்ததற்கு எது எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஈரமான வெள்ளைக் கோடு எந்த டயருக்கும் வழுக்கும். சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டதும் ஒரு பங்கு. ஆனால் வழுக்கும் இடத்தில் நமக்கு மிச்சம் இருக்கும் கொஞ்சப் பிடிப்பை இறுகிய ரப்பரும் 11 பி.எஸ்.ஐ. அதிகக் காற்றும் சேர்ந்து தின்றுவிட்டன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்து நிமிர்த்திவிடலாம். முன் சக்கரம் போனால் யோசிக்க நேரமே கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் மாற்றப் பணம் இருக்கிறது என்று யாராவது அன்று கேட்டிருந்தால், முன் டயரைக் கழற்றுங்கள், பின் டயர் மாற்றும் வரை வண்டியை நிறுத்திவையுங்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

முன் டயர் தேர்வு

இந்த முறை அவசரப்படவில்லை. அக்காவின் மணிக்கட்டு ஆறும்வரை வண்டி எப்படியும் நிற்கத்தான் போகிறது.

பின்னால் போட்ட அதே நிறுவனம், அதே மாதிரி டயர் வேண்டும் என்று கேட்டோம். கடையில் அது இருந்தது, ஆனால் தேதி 3621. விற்காமல் மூன்று வருடம் கிடந்த டயர். நிழலில், சூடு படாமல் நிமிர்த்தி வைத்திருந்த டயர் என்றால் அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இது கடை முகப்பில் ஆணியில் தொங்கியது, வெயில் பட்ட பக்கம் நிறம் மாறியிருந்தது. ஒரு பழைய டயரால் விழுந்துவிட்டு இன்னொரு வெயில் காய்ந்த டயரை வாங்க மனம் வரவில்லை.

கையிருப்பில் இருந்த இன்னொன்று 90/90-10, சுமைக் குறியீடு 50. "முன்னாடிதானே, இது போதும்" என்றார் கடைக்காரர். 50 என்றால் 190 கிலோ, முன் சக்கரத்துக்கு அது போதும் என்பது உண்மைதான். பிரச்சினை வேறு. அதன் வெளிவிட்டம் 416 மி.மீ., பழையதை விட 18 மி.மீ. குறைவு, நூற்றுக்கு 4 சொச்சம். இந்த வண்டியில் வேகமானியின் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. சின்னச் சக்கரம் அதிகச் சுற்று சுற்றும், மீட்டர் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். வண்டியின் முகமும் 9 மி.மீ. தாழும். பெரிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன். சரியான அளவு கிடைக்கும்போது தப்பான அளவுக்கு ஏன் போக வேண்டும் என்பதுதான்.

பட்டன் டயரும் காட்டினார்கள், பெரிய பெரிய ரப்பர் கட்டைகளோடு. பார்க்கப் பிடிப்பாகத்தான் தெரியும். மண் பாதைக்கு நல்லது. நனைந்த தார்ச்சாலையில் அந்தக் கட்டைகளுக்கு நடுவிலிருக்கும் வெற்றிடமெல்லாம் தரையைத் தொடாத ரப்பர். அக்கா போகும் வழியில் மண் பாதையே இல்லை.

புதுசு வரவழைத்துத் தரச் சொல்லிவிட்டு 4 நாள் காத்திருந்தோம். வந்தது 0824. அளவு 90/100-10, சுமை 53, வேகம் ஜே, டியூப்லெஸ். எல்லாவற்றையும் டயரின் மேலேயே வாசித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தோம்.

மாட்டும்போது

இங்கேயும் ஒன்று தப்பப் பார்த்தது. இந்த மாதிரி டயரின் பக்கவாட்டில் இரண்டு அம்புக்குறி இருந்தது, எதிரெதிர்த் திசையில். ஒன்றுக்குப் பக்கத்தில் முன் சக்கரம் என்றும் மற்றதற்குப் பக்கத்தில் பின் சக்கரம் என்றும் சின்ன எழுத்தில் இருந்தது, கறுப்பு மேல் கறுப்பு. வேலை செய்த பையன் ஒரு அம்பைப் பார்த்தான், அதன்படி மாட்டினான். அது பின் சக்கரத்துக்கான அம்பு.

நான் சொன்னதும், "அண்ணா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். கடையிலிருந்த பெரியவர் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இல்லடா, திருப்பிப் போடு" என்றார். பின் டயரின் ரப்பர் கட்டைகளை எஞ்சின் ஒரு பக்கம் இழுக்கிறது, முன் டயரின் கட்டைகளைப் பிரேக் எதிர்ப் பக்கம் இழுக்கிறது. அதனால்தான் ஒரே டயருக்கு இரண்டு திசை. பள்ளங்களின் சாய்வும் அந்தத் திசைக்கு ஏற்பத்தான் தண்ணீரைத் தள்ளும். பத்து நிமிட வேலை, பையன் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தான். பின் டயர் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்தோம், அது சரியாகத்தான் இருந்தது.

வால்வையும் மாற்றச் சொன்னேன். பழைய வால்வை வளைத்தபோது அடியில் ரப்பர் விரிந்து உள்ளே வெளுப்பாகத் தெரிந்தது. டயரில் இருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தார்கள், அது டயரின் எடை குறைந்த பக்கம். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று அடித்ததும் 'டப் டப்' என்று இரண்டு சத்தம் வந்தது, விளிம்பு ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. டயரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இருந்தது. காற்று 22, என் அளவுமானியில்.

பிறகு

முதல் 100 கி.மீ. வரை திருப்பத்தில் அதிகம் சாய வேண்டாம், பிரேக்கைப் படிப்படியாகப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், சாலையில் ஓடி அது கொஞ்சம் தேய்ந்த பிறகுதான் உண்மையான பிடிப்பு வரும். போன முறை பின் டயர் மாற்றியபோது இதையும் நான் சொல்லவில்லை.

மூன்றாவது நாள் அக்கா வந்தார். "ஹேண்டில் கனமா இருக்கு தம்பி, காத்து கம்மியா அடிச்சிட்டாங்களோ?" அளந்தேன், 22 அப்படியே இருந்தது. ஒன்பது வருடம் விறைத்த டயரில் ஓட்டிய கைக்குச் சரியான காற்று கனமாகத் தெரிகிறது. அடுத்த பெட்ரோல் பங்கில் "கொஞ்சம் ஏத்துங்க" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். உட்கார வைத்து வண்டியில் ஒட்டிய தாளைக் காட்டினேன். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. வேகத்தடையில் முன்பு வரும் 'டங்' என்ற அதிர்ச்சி இப்போது இல்லை என்று அவரே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான மைதானத்தின் தார்த்தளத்தில் தண்ணீர் ஊற்றி, 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்து பிரேக் பிடித்துப் பழகினார். பழைய டயரில் இப்படி அளந்து வைக்கவில்லை, அதனால் எத்தனை அடி குறைந்தது என்று ஒப்பிட முடியாது. அவர் கைக்கு நம்பிக்கை வந்தது, எனக்கு அதுவே பெரிது.

நான்கு மாதம் ஆகிறது, 1,200 கி.மீ. ஓடியிருக்கிறது. நடுவில் நிறைய மழை. அதே வெள்ளைக் கோடுகளைத் தினமும் கடக்கிறார், ஆனால் இப்போது நிமிர்ந்து நேராகக் கடந்துவிட்டு அப்புறம்தான் திரும்புகிறார். மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ. இறங்குகிறது, அது இயல்பு. வண்டியைக் கூரைக்கு அடியில் குறுக்காகத் திருப்பி நிறுத்தச் சொன்னேன், இப்போது இரண்டு சக்கரமும் நிழலில்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாள் செய்திருக்க வேண்டியது அளவுமானியை எடுப்பது. டயரைத் தொடுவதற்கு முன்னால் காற்று. ஐந்து நிமிடத்தில் காற்று அதிகம் என்று தெரிந்திருக்கும், பின் டயர் ஏன் நடுவில் தேய்ந்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்திருக்கும்.

அப்புறம் இரண்டு டயரின் தேதியையும், இரண்டு பக்கமும் போய்ப் படித்திருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் அது எவ்வளவு தேய்ந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். ரப்பர் எப்படி இருக்கிறது என்பதை விரிசலும் வயதும்தான் சொல்லும். முன் டயர் ஒன்பது வயது என்று தெரிந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லியிருப்பேன், அக்காவும் மறுத்திருக்க மாட்டார். செலவுக்குத் தயங்கியவர் அவர் இல்லை. மிச்சம் பிடித்துக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டது நான்.

அகல டயரை மறுத்ததையும், குறைவாக ஓடும் வண்டிக்குக் கெட்டி ரப்பர் வேண்டாம் என்றதையும் மறுபடி நடந்தாலும் அப்படியே செய்வேன். பின் சக்கரத்தின் வால்வை முதல் முறையே மாற்றியிருக்க வேண்டும். அது விடுபட்டுப் போய், போன மாதம்தான் மாற்றினோம்.

சீட்டைத் தூக்கினால் உள்பக்கம் இப்போது வெள்ளைப் பெயின்டில் மூன்று வரி இருக்கிறது, அக்காவின் மகள் எழுதியது. முன் 22, டயர் 0824. பின் தனியா 29, ரெண்டு பேர் 36, டயர் 0524. மூன்றாவது வரி: 2029-ல் பார்க்கணும்.